பிறவி அனிச்சை போகலையாம், 40 தடவை பயிற்சியாம்: செஞ்சு பாத்தவங்க இருக்கீங்களா?

மண்டபம் அம்மா, 17.04.2025, இரவு 9.40

என் பையனுக்கு 7 வயசு, ரெண்டாம் வகுப்பு. போர்டைப் பாத்து எழுதச் சொன்னா ஒரு வரிக்குப் பத்து தடவை தலையைத் தூக்குறான், அப்பவும் பாதி எழுத்து விட்டுப்போகுது. உக்காந்தா முட்டியை முன்னாடி வச்சு காலை ரெண்டு பக்கமும் பரப்பிக்கிறான். குக்கர் விசில் அடிச்சா தூக்கிவாரிப் போடுது. மதுரையில ஒரு பயிற்சி மையத்துல காட்டினோம். பிறந்த குழந்தைக்கு இருக்கிற அனிச்சை, அதாவது நினைக்காமத் தானா நடக்கிற அசைவு, இவனுக்கு இன்னும் போகலை, எல்லாம் அதனாலதான், 40 தடவை வரணும், 24 ஆயிரம்னு சொல்றாங்க. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிருச்சு, வீட்டுக்காரர் கையில காசில்லை. இது நிஜமா? செஞ்சவங்க சொல்லுங்க.

தங்கச்சிமடத்துக்காரி, 18.04.2025, காலை 6.10

செஞ்சவ நான். பணம் கட்டாதீங்க. இன்னிக்குப் பெரிய வெள்ளி, கோயிலுக்குப் போயிட்டு வந்து விவரமா எழுதுறேன்.

தங்கச்சிமடத்துக்காரி, 18.04.2025, இரவு 10.25

என் பெரியவனுக்கு 9 வயசு, நாலாவது. போன வருசம் இதே மாதிரி ஒரு மையத்துக்குத்தான் கூட்டிட்டுப் போனோம். எதுன்னு கேக்காதீங்க. பாம்பன்ல ரயில் நின்னுபோய் ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு, புதுப்பாலத்தை இந்த 6ம் தேதிதான் திறந்தாங்க. அதனால எங்களுக்கு அப்ப பஸ்சுதான். விடிகாலை கிளம்பினா இருட்டினப்புறம்தான் வீடு. 30 தடவைக்கு 18 ஆயிரம் பேசி, 14 தடவை போனோம்.

முதல் நாள் அவனை முட்டி போட வச்சு, தலையைத் திருப்பி, முதுகுல பேனா மூடியால கோடு போட்டுப் பாத்துட்டு, "நாலு அனிச்சை போகலை"ன்னு சொன்னாங்க. எனக்கு நாலு பல்லு விழலைன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. பேரு எல்லாம் ஏடிஎன்ஆர், எஸ்டிஎன்ஆர்னு ரேஷன் கடை பில்லு மாதிரி. வீட்டுக்கு வந்து யோசிச்சா, எல்லாத்தையும் நான் ஏற்கெனவே பாத்திருக்கேன், பேருதான் தெரியலை.

சின்னவ பிறந்து பத்து நாள் இருக்கும். அடுப்படியில மாமியார் கையிலேருந்து ஈயச்சட்டி மூடி விழுந்துச்சு. தூங்கிட்டிருந்தவ ரெண்டு கையையும் விரிச்சு, அப்புறம் யாரையோ கட்டிப்பிடிக்கிற மாதிரி சேத்து, வீல்னு அழுதா. அதுதான் மோரோ. எர்ன்ஸ்ட் மோரோங்கிற குழந்தை மருத்துவர் 1918ல எழுதி வச்சது. அவர் மூடியைப் போடலை, குழந்தை படுத்திருந்த தலையணையை ரெண்டு பக்கமும் தட்டிப் பாத்தார். 4 லேருந்து 6 மாசத்துக்குள்ள இது மறையணும். ஏடிஎன்ஆர்னா, மல்லாந்து கிடக்கிற பிள்ளை தலை எந்தப் பக்கம் திரும்புதோ அந்தப் பக்கக் கை நீளும், மறுபக்கக் கை மடங்கும். வில்லு வளைக்கிற மாதிரியே இருக்கும். அதுவும் ஏறக்குறைய 6 மாசத்துல போயிரும். முதுகுத்தண்டுக்குப் பக்கத்துல கோடு இழுத்தா இடுப்பு அந்தப் பக்கம் வளையிறது கேலன்ட். எஸ்டிஎன்ஆர் மட்டும் தாமதமா வர்ற ஆளு. 6 மாசத்துக்கு மேல தலை காட்டி ஒரு வயசுக்குள்ள போயிரும். தலை குனிஞ்சா கை மடங்கும், நிமிந்தா கை நீளும் கால் மடங்கும்.

மையத்துக்காரங்க கணக்கு என்னன்னா, கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் போர்டைப் பாக்கத் தலை தூக்கும்போது கை இழுக்கும், அதனால எழுத்து விட்டுப்போகும். கேக்க நல்லாத்தான் இருக்கு. எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, அதனாலதான் 18 ஆயிரம்.

தங்கச்சிமடத்துக்காரி, 19.04.2025, மதியம்

பயிற்சி என்னன்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க. இதுக்கு மதுரை போக வேண்டியதில்லை. பேரெல்லாம் எங்க வீட்டுக்காரர் மாத்தி வச்சது.

நட்சத்திர மீன்: நாற்காலியில சாஞ்சு உக்காந்து, மூச்சை விட்டுக்கிட்டே கை காலை விரிச்சு தலையைப் பின்னால சாய்க்கணும். அப்புறம் மெதுவா சுருங்கி, மணிக்கட்டு மேல மணிக்கட்டு, கணுக்கால் மேல கணுக்கால், தாடை நெஞ்சுல. அடுத்த தடவை மேல கீழ மாத்திப் போடணும். இது மோரோவுக்கு.

பல்லி: குப்புறப் படுத்து தலையை ஒரு பக்கம் திருப்பணும். முகம் பாக்கிற பக்கத்துக் கையும் காலும் மடங்கி மேல ஏறும், மறுபக்கம் நீளமாக் கிடக்கும். தலையை மாத்தினா எல்லாம் மாறணும். செவுத்துல பல்லி ஏறுறதை மெதுவா ஓட்டிப் பாத்த மாதிரி. இது ஏடிஎன்ஆருக்கு.

திருக்கை: குப்புறப் படுத்து கை, கால், தலை எல்லாம் தரையிலேருந்து தூக்கி நிக்கணும். இறால்: மல்லாந்து படுத்து முட்டியை நெஞ்சோட கட்டிச் சுருளணும். நாலு கால்ல நின்னு முதுகைக் குழிச்சு நிமிந்து பாக்கிறது, அப்புறம் கூன் போட்டுக் குனியிறது ஒண்ணு, அது எஸ்டிஎன்ஆருக்கு.

கேலன்டுக்கு மல்லாந்து படுத்து கையையும் காலையும் தரையோட ஒட்டி விரிச்சுச் சேக்கணும். அவங்க குடுத்த தாள்ல வெள்ளைக்காரப் பையன் பனியில படுத்து ரெக்கை அடிக்கிற படம். பெரியவன் கேட்டான், "ஏம்மா இவன் வாலிநோக்கம் உப்பளத்துல படுத்திருக்கான்?"

எல்லாம் சேந்து 10 நிமிசம். தினமும். பல மாசம்.

தங்கச்சிமடத்துக்காரி, 22.04.2025

திருத்தம். நட்சத்திர மீன்ல மூச்சைத் தப்பா எழுதிட்டேன். விரியும்போது இழுக்கணும், சுருங்கும்போது விடணும். பரமக்குடியிலேருந்து ஒரு ஃபிசியோ தம்பி தனியா எழுதிச் சொன்னார். இன்னொண்ணும் சொன்னார்: வேகமாச் செஞ்சா அது பி.டி. பீரியடு, மெதுவாச் செஞ்சாத்தான் இந்தப் பயிற்சி. எங்க வீட்ல ஒரு மாசம் பி.டி.தான் நடந்திருக்கு.

தங்கச்சிமடத்துக்காரி, 26.04.2025, இரவு

சிரிக்காதீங்க. தெருவுல பிள்ளைகளுக்கு லீவு, படகெல்லாம் கரையில, ஆம்பளைங்க வேப்பமரத்தடியில. நான் ஏழு பிள்ளைகளை வரிசையா முட்டி போட வச்சு ஏடிஎன்ஆர் பாத்தேன். நாலு கால்ல நிக்க வச்சு, பின்னாடியிருந்து தலையைத் திருப்பினா, முகம் திரும்பின பக்கத்துக்கு எதிர்ப்பக்க முழங்கை மடங்குதான்னு பாக்கிறது. ஏழுல அஞ்சுக்கு மடங்குச்சு! அதுல ஒருத்தி அஞ்சாவது படிக்கிறா, வகுப்புல முதல் மார்க்கு, மணி மணியா எழுதுவா. மடங்காத ரெண்டுல ஒருத்தனுக்கு இன்னும் அவன் பேரே முழுசா எழுத வரலை.

எனக்கும் மடங்குது. வீட்டுக்காரருக்குப் பாக்கலாம்னா மனுசன் முட்டி போட மாட்டேங்கிறார்.

தங்கச்சிமடத்துக்காரி, 27.04.2025

பரமக்குடித் தம்பி திட்டிட்டார். நான் தலையை வெடுக்குனு திருப்பியிருக்கேன், அப்படித் திருப்பினா யாருக்கும் கை ஆடும். முழங்கை லேசா அசையிறது பெரிய பிள்ளைகள் நிறையப் பேருக்கு உண்டு, அதை வச்சு நோய்னு சொல்லக் கூடாதாம். சாயங்காலம் மறுபடி ஏழு பேரையும் பிடிச்சேன், ஆளுக்கொரு கடலைமிட்டாய் லஞ்சம். இந்தத் தடவை மூணு பேருக்குத்தான். முதல் மார்க்குக்காரி அந்த மூணுலயும் இருக்கா.

இது ஆராய்ச்சி இல்லைன்னு எனக்கும் தெரியும். ஆனா அதே ஏழு பிள்ளைகளுக்கு ஒரே வாரத்துல ரெண்டு தடவை பாத்தப்ப அஞ்சு மூணா ஆச்சுன்னா, மையத்துல பத்து நிமிசத்துல பாத்து "நாலு போகலை"ன்னு எழுதின காகிதத்தை நான் எவ்வளவு நம்பணும்?

தங்கச்சிமடத்துக்காரி, 09.05.2025

"அப்ப ஆதாரமே இல்லையா, லான்செட்டுல வந்திருக்காமே"ன்னு ஒருத்தர். ஆமா, அந்த மருத்துவ இதழ்ல வந்திருக்கு. எங்க மையத்துச் செவுத்துலயும் அதை ஒட்டியிருந்தாங்க. வடக்கு அயர்லாந்துல செஞ்சு 2000ல வெளிவந்த ஆய்வு. படிக்கச் சிரமப்பட்ட, ஏடிஎன்ஆர் மிச்சமிருந்த 60 பிள்ளைகள், 8 லேருந்து 11 வயசு. மூணு கூட்டமாப் பிரிச்சாங்க. ஒரு கூட்டம் குழந்தை அனிச்சையை அப்படியே போலச் செய்யிற அசைவுகள், இன்னொண்ணு சும்மா வேற அசைவுகள், மூணாவது ஒண்ணும் இல்லை. முதல் கூட்டத்துக்கு அனிச்சையும் குறைஞ்சது, வாசிப்பும் கூடினது.

நான் இதைப் படிச்சப்ப முதல்ல எரிச்சல்தான், ஏன்னா 18ம் தேதி "பணம் கட்டாதீங்க"ன்னு வீராப்பா எழுதியிருந்தேன். சும்மா அசைஞ்ச கூட்டத்துக்கு அந்த அளவு கூடலை, அதனால "யாரோ கூட உக்காந்து கவனிச்சதாலதான்"னு ஒரே வரியில தள்ளவும் முடியலை. இதை ஒத்துக்கணும். ஆனா 60 பிள்ளைகள்னா கூட்டத்துக்கு 20 பேர். அதுல முக்கியமாப் பாத்தது ஏடிஎன்ஆரும் வாசிப்பும்தான். செவுத்துல அந்தத் தாளுக்குக் கீழ எங்க மையம் எழுதியிருந்தது: ஆட்டிசம், படுக்கையில சிறுநீர், கோபம், கணக்கு. அந்த 60 பிள்ளைகள் இதுக்கெல்லாம் சாட்சி சொல்லலை.

இதுக்கு முன்னாடியும் ஒரு கதை இருக்கு. டோமன், டெலகாட்டோன்னு அமெரிக்காவுல ரெண்டு பேர், மூளை பாதிச்ச பிள்ளைகளைப் பல பேர் சேந்து கை காலைப் பிடிச்சு ஊர வச்சா மூளை சீராகும்னு சொன்னாங்க. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1968ல எச்சரிச்சுது, 1982ல, மறுபடி 1999ல. தனிப் பயன் எதுவும் தெரியலை, குடும்பத்து மேல சுமத்துற பாரம் ரொம்பப் பெரிசு, கைக்காசு கரையுதுன்னு. அந்தக் கடைசி வரியைப் படிச்சப்ப எனக்கு விடிகாலை பஸ்சு ஞாபகம் வந்துச்சு.

இப்ப சொல்றேன்: பயிற்சியை விடாதீங்க, மையத்தை விடுங்க. பணம் இருக்கிறவங்க போறதும் தப்பில்லை. ஆனா எதைத் தீக்குதுன்னு அவங்க சொல்ற பட்டியல் எவ்வளவு நீளமோ, அவ்வளவு சந்தேகப்படுங்க.

தங்கச்சிமடத்துக்காரி, 21.05.2025, காலை

கீழக்கரையிலேருந்து ஒரு தங்கச்சி கேட்டது. அப்படியே போடுறேன்: "அக்கா, எம் பிள்ளைக்கு 8 மாசம். தலை எப்பவும் வலது பக்கம்தான். அப்படித் திரும்பினா வலது கை விறைப்பா நீளுது, மடக்கினாலும் வராது. இடது கை பொத்தினபடியே இருக்கு, கட்டை விரலு உள்ள. உம்மா எண்ணெய் தேச்சு விடுறாங்க. நீங்க எழுதின பல்லிப் பயிற்சி செய்யலாமா?"

வேணாம்மா. பல்லியும் வேணாம், மீனும் வேணாம். இது இந்த இழையில நாங்க பேசுற விசயமே இல்லை. நாங்க பேசுறது ஓடி விளையாடுற பிள்ளைக்கு முழங்கை லேசா மடங்குறது. உன் பிள்ளைக்கு 6 மாசம் தாண்டியும் அந்த நிலையிலேருந்து வெளிய வர முடியாமப் பிடிச்சு வைக்குது, ஒரு கை மட்டும் பொத்தியிருக்கு. மூளையில எங்கயோ சேதி சரியாப் போகலைன்னு மருத்துவர்கள் தேடிப் பாக்கிற அடையாளம் இது. பயப்படுத்தலை, ஆனா நாளைக்குன்னு தள்ளாத. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில குழந்தைகள் பிரிவுக்குப் போ. டி.இ.ஐ.சி.க்கு, அதாவது குழந்தைகளோட வளர்ச்சிக் குறையைச் சீக்கிரமே கண்டுபிடிச்சுப் பாக்கிற மாவட்ட மையத்துக்கு, அனுப்பச் சொல்லிக் கேளு, அந்த எழுத்தை அப்படியே சொல்லு. 2013ல வந்த திட்டம், பிறந்ததுலேருந்து 18 வயசு வரைக்கும், காசு கிடையாது. பிரசவக் கார்டு, பிறந்த எடை, உடனே அழுதுச்சா, மஞ்சள் காமாலை வந்துச்சா, எல்லாம் எழுதி எடுத்துட்டுப் போ. செல்லுல பிள்ளை கிடக்கிறதை ஒரு நிமிசம் வீடியோ எடுத்துக்க, டாக்டர் முன்னாடி பிள்ளைங்க ஒண்ணும் செய்யாது.

உம்மாகிட்ட எண்ணெய் தேய்க்கட்டும்னு சொல்லு. கையை இழுத்து நீவ மட்டும் வேணாம்.

தங்கச்சிமடத்துக்காரி, 22.05.2025, ராத்திரி தூக்கம் வரலை

மையத்துல என்னைக் கேட்ட முதல் கேள்வி, "தவழ்ந்தானா?" இல்லை. பெரியவன் தவழவே இல்லை. உக்காந்தபடியே பின்பக்கத்தால நகந்து நகந்து வீடு பூராச் சுத்தினான், 14 மாசத்துல எந்திரிச்சு நடந்தான். "அதுதாம்மா காரணம்"னு சொன்னப்ப மாமியார் பக்கத்துல இருந்தாங்க. பஸ்சுல திரும்பி வர்ற நாலு மணி நேரமும் அவங்க ஒரு வார்த்தை பேசலை. அதுக்குப் பேசியிருக்கலாம். பாம்பன் வந்தப்புறம்தான் வாயைத் திறந்தாங்க: "நீ அவனைக் கீழ விட்டாத்தானே."

அப்ப நான் கடல்ல பாசி எடுக்கப் போயிட்டிருந்தேன். பிள்ளை இடுப்புலயோ, இல்லைன்னா அவங்க மடியிலயோ. கீழ விட ஆளு யாரு?

அமெரிக்க அரசோட நோய்த்தடுப்பு மையம் சி.டி.சி. 2022ல குழந்தை வளர்ச்சிப் பட்டியலை மாத்தினப்ப தவழ்றதை அதுலேருந்து எடுத்துட்டாங்க. நல்லா வளர்ற பிள்ளைகள்லயே சிலது தவழாமத் தாண்டிப்போகுது. ஃபிசியோக்கள்ல சிலருக்கு அதுல கோபம்னும் படிச்சேன். எனக்கு அந்தச் சண்டை வேணாம். மாமியாருக்கு வாசிச்சுக் காட்டினேன். "அமெரிக்காக்காரன் பிள்ளையைத் தொட்டில்ல போடுறவன், அவனுக்கு என்ன தெரியும்"னாங்க.

தங்கச்சிமடத்துக்காரி, 23.05.2025

மேல எழுதினதை அழிக்கலாம்னு பாத்தேன். கிடக்கட்டும்.

தங்கச்சிமடத்துக்காரி, 18.06.2025

தடைக்காலம் முடிஞ்சுது. 61 நாளு வீட்ல இருந்த மனுசன் கடலுக்குப் போயிட்டார், பயிற்சி அன்னிக்கே படுத்துருச்சு. நான் கூப்பிட்டா வரமாட்டான், அப்பா திருக்கைன்னா ஓடி வருவான். ரெண்டு மாசத்துல ஒரு அம்பது நாளாவது செஞ்சிருப்பாங்க, மையத்துக்குப் போன 14 நாளை விட அதிகம்.

மாற்றம் இருக்கான்னு கேப்பீங்க. இருக்கு. பள்ளிக்கூடம் திறந்து ரெண்டு வாரத்துல டீச்சரே சொன்னாங்க, போர்டைப் பாத்து ரெண்டு மூணு வார்த்தை சேத்துப் பிடிக்கிறான்னு. ஆனா எதனால? அங்கதான் எனக்குக் குழப்பம்.

மே மாசம் பூரா படகுக்குப் பெயின்ட் அடிச்சாங்க. பெரியவனும் கூட. பேரு எழுதுற வேலையை அவனுக்கு விட்டார், இவர் பென்சில்ல கோடு போட்டுக் குடுக்க, அவன் பிரஷ்ஷால. ஒரு எழுத்து அவன் கை நீளம். 'ண'வுக்கு எத்தனை சுழின்னு வீட்ல ஆயிரம் தடவை சொல்லியிருக்கேன், அணியத்துல, அதான் படகோட முன்பக்கம், நின்னு ஒரு தடவை தப்பா அடிச்சு, தின்னர் போட்டுத் துடைச்சு, மறுபடி அடிச்சான். இப்ப மறக்கலை. ஒரு நாள் கேட்டானாம், "அப்பா, இந்தப் பக்கம் பேரு அணியத்துலேருந்து தொடங்குது. அந்தப் பக்கம் போனா கடைசி எழுத்துதான் அணியத்துல வருது. அது தப்பில்லையா?" படகுக்கு முன்னும் பின்னும் இருக்கு, எழுத்துக்கு இடமும் வலமும்தான் இருக்குன்னு இவர் சொல்லியிருக்கார். ஒரு நாள் பூரா ரெண்டு பக்கமும் மாறி மாறி ஓடிப் பாத்தானாம்.

பல்லியா, பெயின்ட்டா, அப்பாவா, இல்லை ஒரு வயசு கூடினதா? என்னால பிரிக்க முடியலை. மையத்துல மீதி 16 தடவையும் போயிருந்தா, சந்தேகமே இல்லாம அவங்களுக்குத்தான் புகழைக் குடுத்திருப்பேன்.

தங்கச்சிமடத்துக்காரி, 30.06.2025

மண்டபம் அம்மா திரும்பி வந்திருக்காங்க. 24 ஆயிரம் கட்டலை, பத்து தடவைக்கு மட்டும் கட்டியிருக்காங்களாம். புத்திசாலி. என்னோட "கட்டாதீங்க"வை விட இது நல்ல முடிவு. முதல் நாளும் பத்தாவது நாளும் ஒரே பத்தியை எழுத வச்சு நோட்டை எடுத்து வைங்க. கை எவ்வளவு மடங்குதுங்கிறதை விட அதுதானே நமக்கு வேணும். அப்புறம் காலைப் பரப்பி உக்காருறது: இந்த வயசுப் பிள்ளைகள் நிறைய அப்படித்தான் உக்காருது, மாத்தி உக்காரச் சொன்னா உக்காந்தாப் போதும்.

வாசிப்புக்குன்னு தனியா ஒருத்தர் எழுத்தெழுத்தா சொல்லிக் குடுக்கணும். அதை இந்தப் பயிற்சி செய்யாது. பள்ளிக் கல்வித் துறையோட வட்டார வள மையத்துல சிறப்புப் பயிற்றுநர் இருக்காங்க, அங்கயே ஃபிசியோவும் வர்றாங்க, காசு இல்லை. தலைமையாசிரியர்கிட்ட எழுதிக் குடுத்தா வழி சொல்வாங்க. எனக்கு 18 ஆயிரம் செலவழிச்சப்புறம்தான் யாரோ சொன்னாங்க.

தங்கச்சிமடத்துக்காரி, 21.10.2025

நேத்து தீபாவளி. மோரோ "முழுசாப் போயிருச்சு"ன்னு மையத்துல எழுதிக் குடுத்த பிள்ளை, பக்கத்துத் தெருவுல லட்சுமி வெடி வெடிச்சதும் பீரோவுக்குப் பின்னாடி. நானும் கூடத்தான் போனேன்.

கீழக்கரைத் தங்கச்சி நேத்து ராத்திரி எழுதியிருக்கு. மே மாசமே போயிருச்சு. ஸ்கேன் எடுத்தாங்க, இடது பக்கம் பலவீனம்னு சொன்னாங்க, வாரத்துக்கு ரெண்டு நாள் பயிற்சி. "அக்கா, இப்ப இடது கையைத் திறக்குறான். நேத்து என் துப்பட்டாவைப் பிடிச்சு இழுத்தான், விடவே மாட்டேன்னுட்டான். உம்மா அழுதுட்டாங்க." நான் அதை மாமியாருக்கு வாசிச்சேன். அவங்க ஒண்ணும் சொல்லலை, சின்னவளைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டாங்க. அவளுக்கு நாலு வயசு.

தங்கச்சிமடத்துக்காரி, 02.11.2025

பயிற்சிக்கு வாங்கின பாயை விக்கிறீங்களான்னு உச்சிப்புளியிலேருந்து கேட்டவருக்கு: மையத்துல 1,200 ரூபாய்க்கு வாங்கச் சொன்ன நீலப் பாய்தான், கிழியலை. ஆனா தர முடியாது. மழை விட்டு ரெண்டு நாள் வெயில் அடிக்குது, அதுல இப்ப நெத்திலி காயுது. கோரைப்பாயோ சாக்கோ விரிச்சுப் பல்லி செய்யுங்க, பல்லிக்குத் தெரியவா போகுது.